வாழை வைரஸும் நோட்பேடும்: ஐந்து ஆண்டில் இரண்டு பட்டம் தரும் கம்ப்யூடேஷனல் பயாலஜி

சென்ற மாதம் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. தெருவில் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் இருந்தால் வயர் மாட்டிக் கொடுப்பதும் பிரிண்டரைப் பேச வைப்பதும் அவன் தலையில்தான் விழும். போனேன். வீட்டுக்காரர் வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். மகள் பிளஸ் டூ, கணக்கும் பயாலஜியும் உள்ள முதல் குரூப். விண்டோஸ் இன்ஸ்டால் ஆகிக் கொண்டிருந்தபோது காபியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்.

"தம்பி, டாக்டருக்குப் படிக்கச் சொன்னா கம்ப்யூட்டர்ங்கிறா. சரி, கம்ப்யூட்டரே படின்னா, ரெண்டும் சேர்ந்த படிப்பு ஒண்ணு இருக்குங்கிறா. நெசமாவே இருக்கா?"

"இருக்குண்ணே."

"அஞ்சு வருஷமாம்ல. சோறு போடுமா?"

கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இந்தக் கேள்வி இருக்கும். அதனால் அன்று அவருக்குச் சொன்னதையும், அன்று சொல்ல விட்டுப் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூடேஷனல் பயாலஜி என்றால் உயிரியல் கேள்விகளுக்குக் கணக்கையும் புரோகிராமையும் கொண்டு விடை தேடுவது. பயாலஜியில் ஏது கணக்கு என்று தோன்றலாம். உயிரின் குறிப்பேடான டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது: ஏ, டி, ஜி, சி. எழுத்து என்று வந்துவிட்டால் அது டேட்டா. டேட்டா என்றால் நம் கம்ப்யூட்டரில் அடங்க வேண்டியதுதானே?

அளவைப் பாருங்கள். மனித டி.என்.ஏ.வின் ஒரு முழுப் பிரதியில் சுமார் 320 கோடி எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் 3.2 ஜிபி. கையிலுள்ள சிறிய பென் டிரைவே போதும். நான்கு எழுத்துதான் என்பதால் ஓர் எழுத்துக்கு இரண்டு பிட் என்று சுருக்கினால் 800 எம்பி. ஒரு சிடியில் அடங்காமல் கொஞ்சம் வழியும். வாழையின் டி.என்.ஏ.வை 2012-ல் படித்து வெளியிட்டார்கள். அது சுமார் 52 கோடி எழுத்துகள். சுருக்காமலே ஒரு சிடியில் போட்டுவிடலாம்.

மண்டிக்காரருக்கு வாழை என்றதும் காது நிமிர்ந்தது. சிறுமலை வாழைப்பழமும் விருப்பாச்சி வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த வாழையை மலையிலிருந்து ஏறக்குறைய விரட்டியது முடிக்கொத்து நோய். கீழ்ப் பழநி மலைப் பகுதியில் 1970களில் அது தோட்டம் தோட்டமாகப் பரவியது. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நிற்கும். மரம் குலை தள்ளாது. பரப்புவது வாழை அசுவினிப் பூச்சி. கூடவே, தெரியாமல் எடுத்து நடும் நோய்க் கன்று. நோய்க்குக் காரணமான வைரஸின் டி.என்.ஏ. எவ்வளவு பெரியது? தலா ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஆறு சிறு வளையங்கள். மொத்தம் 7 கேபிக்குள் முடிந்துவிடும். பழைய பிளாப்பி டிஸ்க் ஒன்றில் இதுபோல் இருநூறு வைரஸை அடைக்கலாம். "இத்துனூண்டுக்கா அத்தனை ஏக்கர் போச்சு?" என்றார் அண்ணன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

இதை நீங்களே பார்க்கலாம். பணம் கட்ட வேண்டாம், பெயர் பதிய வேண்டாம். அமெரிக்க அரசின் என்.சி.பி.ஐ. இணையதளத்தைத் திறந்திடவும். மேலே தேடல் கட்டத்தின் அருகில் உள்ள பட்டியலில் நியூக்ளியோடைடு என்பதைத் தேர்ந்தெடுத்து, பனானா பஞ்சி டாப் வைரஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். வரிசையாகப் பல பதிவுகள் வரும். ஏதேனும் ஒன்றின் கீழுள்ள பாஸ்டா என்ற லிங்க்கில் கிளிக் செய்தால் எழுத்துகள் மட்டும் கொண்ட பக்கம் திறக்கும். சென்ட் டு மெனுவில் பைல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கிவிடும். நோட்பேடில் திறந்திடலாம். முதல் வரி ஓர் அம்புக்குறியுடன் தொடங்கும். அது பெயர் வரி. அதற்குக் கீழே இருப்பதுதான் வைரஸ். பயம் வேண்டாம், இந்த வைரஸ் கம்ப்யூட்டரைத் தாக்காது!

இனி, அதே பக்கத்தின் வலது ஓரத்தில் உள்ள ரன் பிளாஸ்ட் என்பதைக் கிளிக் செய்து, அடுத்த பக்கத்தில் பிளாஸ்ட் பட்டனை அழுத்திடவும். சிறிது நேரத்தில், உங்கள் எழுத்து வரிசை உலகில் வேறு எந்தெந்தப் பதிவுகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப் போகிறது என்ற பட்டியல் வரும். இப்படி ஒப்பிட்டுத்தான் இந்த வைரஸில் இரண்டு பெரிய குடும்பங்கள் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று தென்கிழக்கு ஆசியப் பக்கம். இன்னொன்று பசிபிக், இந்தியப் பெருங்கடல் பக்கம். இந்தியாவில் காணப்படுவது இரண்டாவது. எங்கிருந்து எங்கே போயிற்று என்பதை எழுத்துப் பிழைகளை வைத்துத் துப்பறிகிறார்கள்.

இங்கேதான் புரோகிராமருக்கு வேலை வருகிறது. "திண்டுக்கல்" என்பதையும் "திண்டுகல்" என்பதையும் ஒப்பிட்டால் நடுவில் ஓர் எழுத்து விடுபட்டது நமக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லித் தர வேண்டும். நீடில்மேன், வுன்ஷ் என்ற இருவர் 1970-ல் இதற்கு ஒரு வழி வெளியிட்டார்கள். ஒரு வரிசையை மேலே, மற்றதைப் பக்கவாட்டில் எழுதி, கட்டம் கட்டமாக மதிப்பெண் போட்டு வருவது. ஆயிரம் எழுத்துக்கு ஆயிரம் எழுத்து என்றால் பத்து லட்சம் கட்டம். உங்கள் கம்ப்யூட்டருக்கு அது தூசு. ஆனால் உலகின் மொத்தச் சேமிப்போடும் ஒப்பிட இந்த வழியில் போனால் விடிந்துவிடும். 1990-ல் வந்த பிளாஸ்ட், முதலில் சிறு துண்டுகள் அப்படியே பொருந்துகிற இடங்களைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மட்டும் இருபுறமும் நீட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் துல்லியம் போகும், நேரம் மிச்சமாகும். எதை விட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய உயிரியலும் தெரிய வேண்டும், அல்காரிதமும் தெரிய வேண்டும். இந்தப் படிப்பின் சாரம் அதுதான்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தம் மாணவர்கள் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்க முடியாது என்று காட்டியது. அத்தனை கணக்கும் மேசைக் கால்குலேட்டரில் போட்டது. இன்றும் ஒரு புரதத்தின் வடிவம் சரிதானா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். புரதங்களின் வடிவத்தை ஊகித்துச் சொல்லும் ஆல்பாபோல்டு சாப்ட்வேருக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். ஆல்பாபோல்டு கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் 2022 முதல் இணையத்தில் இலவசம்.

எங்கே படிப்பது?

பெயருக்கு மிக நெருக்கமானது ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யின் ஐந்தாண்டுப் படிப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.டெக்., கம்ப்யூடேஷனல் நேச்சுரல் சயின்சஸில் ஆய்வு வழி எம்.எஸ்., இரண்டும் சேர்த்துத் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு எழுதி, நேர்முகத்திலும் தேற வேண்டும். முடிக்க ஆய்வேடு எழுத வேண்டும். அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2004-ல் தொடங்கிய உயிர்த்தொழில்நுட்பத் துறையும் ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் நடத்தி வந்திருக்கிறது. ஐ.ஐ.டி. படிப்புகளின் பெயரும் கால அளவும் அவ்வப்போது மாறும் என்பதால் அந்த ஆண்டின் ஜோசா பட்டியலைப் பார்த்திடவும். அங்கே சேர எழுதும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் கணக்கு, இயற்பியல், வேதியியல்தான், பயாலஜி கிடையாது. ஆகவே கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. கணக்கை விட்டுவிட்டு ப்யூர் சயின்ஸ் போனவர்களுக்குத்தான் சிரமம்.

தனித்தனியாகப் படித்தால் பி.டெக். நான்கு, எம்.டெக். இரண்டு, ஆக ஆறு ஆண்டு. இதில் ஓராண்டு மிச்சம்; நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வும் இல்லை. பதிலுக்குப் பதினேழு வயதில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உறுதி இல்லையா? தஞ்சை சாஸ்த்ராவில் உள்ளது போன்ற பி.டெக். பயோஇன்பர்மேடிக்ஸோ வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸோ படித்துவிட்டு, முதுநிலையில் திரும்பலாம். என் கருத்தில் அது ஒன்றும் மட்டமான வழி இல்லை.

இனி அண்ணனின் சோற்றுக் கேள்வி. மனித மரபணுத் திட்டம் 2003-ல் முடிந்த சூட்டில் பயோஇன்பர்மேடிக்ஸ் என்று போர்டு மாட்டிய படிப்புகள் பல வந்தன. சிலவற்றில் எந்த வெப்சைட்டில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு பாடம் முடிந்துவிடும். நான் படித்த கல்லூரியிலும் அது ஒரு விருப்பப் பாடமாக இருந்தது. ஒரு முறைகூட லேபுக்கு அழைத்துப் போகவில்லை; பவர்பாயிண்டிலேயே செமஸ்டர் ஓடிவிட்டது. பட்டனை அழுத்த மட்டும் தெரிந்தவரை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை. புரோகிராமும் புள்ளியியலும் கையில் இருந்தால் மருந்து நிறுவனம், மரபணுப் பரிசோதனைக் கூடம், விதை நிறுவனம், ஆராய்ச்சி என்று போகலாம். அவை வாய்க்காவிட்டால் என்னைப் போல சாப்ட்வேர் கம்பெனிக்கு வந்துவிடலாம். ஆகவே எந்தக் கல்லூரியானாலும் கேட்க வேண்டியது இதைத்தான்: எத்தனை செமஸ்டர் புரோகிராமிங்? எத்தனை புள்ளியியல்? கடைசி ஆண்டு ஆய்வு யாரிடம்?

அண்ணன் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "மொதல்ல பரிட்சை எழுதட்டும், பாப்போம்" என்றார். மகள் மட்டும் இரண்டு நாள் கழித்து வந்து, "அண்ணா, வாழையோட முழு டி.என்.ஏ.வையே டவுன்லோட் பண்ணிட்டேன், தொறந்தா கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சு" என்றாள். நீங்களும் செய்து பார்க்கக் கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பைல் சுருக்கப்பட்டு வரும், செவன்-ஜிப் கொண்டு விரித்திடவும். விரித்ததை நோட்பேடில் திறக்க வேண்டாம். பைத்தானை இன்ஸ்டால் செய்து, நாலு வரி புரோகிராம் எழுதி, ஒவ்வொரு வரியாகப் படிக்க வைத்திடவும்.