நாவல் காமிக்ஸ் ஆகும்போது ரசிகன் ஏன் சண்டை போடுகிறான்?



ஒரே நாவலை உயிராகப் படித்த பத்துப் பேரை ஹாஸ்டல் அறையில் உட்கார வையுங்கள். அந்த நாவலை வைத்து வந்த காமிக்ஸை அவர்கள் கையில் கொடுங்கள். பத்தே நிமிஷத்தில் அறை இரண்டு கோஷ்டியாகப் பிரிந்துவிடும். "அப்படியே இருக்குடா, ஒரு வசனம்கூட மாறல" என்பது ஒரு கோஷ்டி. "இந்த மூஞ்சியா அவன்? நான் நெனச்சது வேற!" என்பது இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் என்ன என்பதைக் கொஞ்சம் கழற்றிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எஞ்சினைக் கழற்றினால்தானே ஓட்டம் புரியும்!

உதாரணத்துக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையை எடுத்துக் கொள்வோம். அரசர்கள், டிராகன்கள், வடக்கே ஒரு பிரம்மாண்டமான பனிச்சுவர், அதற்கு அப்பால் மனிதரல்லாத எதிரிகள் என்று விரியும் கற்பனை உலகம் அது. முதல் நாவல் 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 1996-ல் வந்தது. ஐந்தாவது நாவல் 2011-ல் வந்தது. அதே 2011 ஏப்ரலில் டி.வி. தொடர் ஆரம்பித்தது; செப்டம்பரில் டைனமைட் என்ற அமெரிக்கக் கம்பெனி காமிக்ஸைத் தொடங்கியது. எழுதியவர் டேனியல் ஆபிரகாம், அவரே ஒரு நாவலாசிரியர். வரைந்தவர் டாமி பேட்டர்சன். 24 இதழ்களில், 2014-ல் முதல் நாவல் முடிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

முதல் நாவலில் முன்னுரை அத்தியாயத்தையும் சேர்த்து 73 அத்தியாயங்கள். இதை 24-ஆல் வகுத்தால் இதழுக்கு மூன்று அத்தியாயம். நாவலில் ஏறத்தாழ மூன்று லட்சம் சொற்கள். ஒரு இதழுக்கு 30 பக்கம் என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். பக்கத்துக்கு 120 சொல்லுக்கு மேல் திணித்தால் படம் மூச்சுத் திணறிப் போகும். 24 x 30 x 120 = 86,400. ஆக, மூன்று லட்சத்தில் ஒரு லட்சம்கூட உள்ளே போகாது. மீதியைப் படம் பேச வேண்டும், இல்லாவிட்டால் கத்தரிக்கோல் பேச வேண்டும்.

"ஒரு வரிகூட விடாம போடணும்" என்று கேட்கும் ரசிகரும், "ஏன்ப்பா இவ்வளவு எழுத்து? காமிக்ஸா, பாடப் புத்தகமா?" என்று கேட்கும் ரசிகரும் ஒரே கணக்கின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் திருப்திப்படுத்த எந்தக் கொம்பனாலும் முடியாது.

முகச் சண்டை

காரசாரமான சண்டை முகத்தைப் பற்றித்தான். டிரியன் என்ற குள்ளப் பாத்திரத்துக்கு நாவலில் ஒரு கண் பச்சை, ஒரு கண் கறுப்பு. அழகில்லாதவன் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. டெனெரிஸுக்கு ஊதா நிறக் கண்கள். டி.வி.யில் இரண்டுமே இல்லை. நாவலில் ஜானுக்கும் ராபுக்கும் 14 வயது, டி.வி.யில் 17 ஆக்கிவிட்டார்கள். காமிக்ஸ் நாவலின் தழுவல், டி.வி. தொடரின் தழுவல் அல்ல. எனவே அதில் நடிகர்களின் முகம் இல்லை. நாவலை முதலில் படித்தவர்கள் "அப்பாடா!" என்றார்கள். டி.வி.யை முதலில் பார்த்தவர்கள் "இது யாரு?" என்றார்கள். காமிக்ஸின் வண்ணம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது, கதையின் இருட்டு வரவில்லை என்று குறைப்பட்டவர்களும் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் ஆள் அடையாளம் சுலபமாகத் தெரிகிறது என்று மெச்சியவர்களும் உண்டு.

இது இன்று நேற்றுத் தோன்றிய சண்டை இல்லை. ராபர்ட் இ. ஹோவர்ட் 1932-ல் உருவாக்கிய கோனன் கதைகளை மார்வெல் கம்பெனி 1970-ல் காமிக்ஸாக்கியது. எழுத்து ராய் தாமஸ். முதலில் வரைந்த பாரி ஸ்மித்தின் கோனன் ஒல்லியாக, சிறுத்தை மாதிரி இருப்பான். 25-வது இதழிலிருந்து ஜான் பஸ்செமா வந்தார். அவர் கோனன் மலை மாதிரி. "ஸ்மித்தா, பஸ்செமாவா?" என்ற வாக்குவாதம் தலைமுறைகளைத் தாண்டி நடக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் முன்பே, 1960-களில் வந்த மலிவுப் பதிப்புகளின் அட்டையில் ஃபிராங்க் ஃபிரஸெட்டா வரைந்த கோனன் ஏராளமான வாசகர் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ரசிகன் 'என் மனதில் இருந்த முகம்' என்று சொல்வதும் பல நேரம் யாரோ ஒரு ஓவியர் போட்டுக் கொடுத்ததுதான்!

படம் மறைக்காது

நம்ம டிராயிங் ஹாலில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஃபிரன்ட் வியூ வெளியே தெரிவதை மட்டும் காட்டும். உள்ளே இருப்பது வேண்டுமென்றால் செக்‌ஷன் வியூ போட வேண்டும். நாவலாசிரியருக்கு எப்போதும் செக்‌ஷன் வியூ இலவசம். காமிக்ஸ்காரருக்கு அப்படி இல்லை. கட்டத்தின் மூலையில் ஒரு பெட்டி போட்டு மனக்குரலை எழுத வேண்டும், அல்லது முகபாவத்தில் காட்ட வேண்டும்.

முதல் நாவல் எட்டுப் பேரின் பார்வையில் மாறி மாறிச் சொல்லப்படுகிறது. சான்ஸாவின் அத்தியாயத்தில் இளவரசன் ஜோஃப்ரி கனவு நாயகன். அவள் தங்கை ஆர்யாவின் அத்தியாயத்தில் அவனே திமிர் பிடித்த பயல். எழுத்தில் இது பிரச்சினையே இல்லை. எந்தக் கண்ணால் பார்க்கிறோமோ அந்த ஜோஃப்ரி. ஆனால் ஓவியர் இரண்டு இடத்திலும் ஒரே முகத்தைத்தானே வரைய வேண்டும்? அழகனாக வரைந்தால் ஆர்யா பொய் சொல்வது போல ஆகும். வில்லனாக வரைந்தால் "இவனைப் போய் நம்பினாளே, இவ்வளவு மக்கா?" என்று சான்ஸாவைத் திட்டுவோம்.

இன்னொரு உதாரணம். நெட் ஸ்டார்க், சாகக் கிடந்த தங்கை லயானாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தவர். அந்த நினைவு நாவலில் அடிக்கடி வந்து போகும். என்ன வாக்கு என்பதை மட்டும் ஆசிரியர் சொல்லமாட்டார். எழுத்தில் மறைப்பது சுலபம், சொல்லாவிட்டால் போதும். அதே அறையைப் படமாக வரைந்தால்? கட்டிலருகே யார் நிற்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அல்லது கோணத்தைத் திருப்பி, நிழலைப் போட்டு ஒளிக்க வேண்டும். நல்ல ஓவியர் என்பவர் எதை வரைவது என்பதோடு, எதை வரையாமல் விடுவது என்பதும் தெரிந்தவர்.

எந்த ஸ்க்ரூவைக் கழற்றலாம்?

முடிந்துபோன கதையைச் சுருக்குவது ஒரு வேலை. முடியாத கதையைச் சுருக்குவது வேறு வேலை. ஆபிரகாம் முதல் நாவலைக் காமிக்ஸாக்கியபோது வரிசையின் கடைசி நாவல் எழுதப்படவே இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு வசனம் கடைசி நாவலின் கடைசிக் காட்சிக்கு முக்கியம் என்பதால் ஒரு காட்சியைத் திருத்தி எழுத நேர்ந்தது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அது எந்த வசனம் என்று அவர் சொல்லவில்லை. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தேடு தேடென்று தேடினார்கள்.

மெஷினைப் பிரித்து மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிச்சமானால், "சின்னதுதானே" என்று தூக்கிப் போட்டுவிட முடியாது. அது எதைப் பிடித்துக் கொண்டிருந்தது என்று ஓட விட்ட பிறகுதான் தெரியும். "அந்தக் காட்சியை ஏன் வெட்டினீங்க?" என்று ரசிகன் போடும் கூச்சலில் அடிப்படையே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

பாதி வழியில் நின்ற வண்டி

ரசிகர்களுக்கு உண்மையிலேயே வலித்த விஷயம் ஒன்று உண்டு. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990-ல் தொடங்கிய 14 நாவல்களின் வரிசை. ஜோர்டன் 2007-ல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி 2013-ல் முடித்தார். இதன் முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' 2005-ல் காமிக்ஸாக வரத் தொடங்கியது. மொத்தம் எட்டு இதழ். ஐந்து வந்ததும் நின்றுவிட்டது. மீதி மூன்று வெளிவர 2009-10 ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கி ஐந்தாம் இதழோடு காத்திருந்தவனின் கோபம், ஓவியத்தைப் பற்றிய கோபம் அல்ல. "நம்பி வந்தேன், பாதியில் இறக்கி விட்டீங்களே" என்ற கோபம்.

அடுத்து, முதல் நாவலான 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' காமிக்ஸானது. 35 இதழ்கள், 2013-ல் முடிந்தது. மறுபடியும் கணக்குக்கு வருவோம். ஒரு நாவலுக்கு 35 என்றால் 14 நாவலுக்கு 490 இதழ். மாதம் ஒன்று என்றால் நாற்பது வருஷத்துக்கு மேல்! முதல் இதழை இருபது வயதில் வாங்குகிறவன் கடைசி இதழை ரிட்டயர் ஆகப் போகும் வயதில் வாங்குவான். 2013-ல் காமிக்ஸ் முதல் நாவலோடு நின்றதில் ஆச்சரியம் இல்லை.

சின்னக் கதை ஜெயித்த கதை

அப்படியானால் எதுவுமே உருப்படவில்லையா? உருப்பட்டிருக்கிறது. மார்ட்டின் அதே உலகத்தை வைத்து 1998-ல் 'தி ஹெட்ஜ் நைட்' என்ற குறுநாவல் எழுதினார். டங்க் என்ற ஏழை வீரன், எக் என்ற மொட்டைத்தலைப் பையன், ஒரு போட்டி மைதானம், அவ்வளவுதான் கதை. பென் ஏவரி எழுத, மைக் எஸ். மில்லர் வரைய, 2003-04-ல் ஆறே இதழில் காமிக்ஸாக முடிந்தது. குறை சொல்லியே பழகிய ரசிகர்கள்கூட இதை மெச்சினார்கள். ஏன்? கதை நடப்பது ஒருவன் பின்னாலேயே. அளவு பொருந்தியது. எல்லாவற்றுக்கும் மேல், ஒவ்வொரு வீரனின் கேடயத்திலும் ஒவ்வொரு சின்னம். எழுத்தில் அவற்றை வர்ணிக்கப் பத்தி பத்தியாக ஓடும். படத்தில் ஒரு கட்டம் போதும், யார் எந்தப் பக்கம் என்று கண் சொல்லிவிடும். எழுத்து திணறும் இடத்தில் படம் உதவிக்கு வந்தது.

ஜே. ஆர். ஆர். டோல்கினின் 'தி ஹாபிட்' நாவல் (1937) காமிக்ஸான விதமும் இதே ரகம். 1989-ல் மூன்று பாகமாக வந்தது. எழுத்து சக் டிக்சன், ஷான் டெமிங். ஓவியம் டேவிட் வென்ஸல். டோல்கினின் வாசகங்களை ஏராளமாக அப்படியே வைத்துக்கொண்டு, மென்மையான வண்ணத்தில் வரைந்தார்கள். 'வீல் ஆஃப் டைம்' காமிக்ஸுக்கு எழுதியவரும் இதே டிக்சன்தான். அதே கைதான், ஏற்றிய பாரம்தான் வேறு.

ரசிகன் பேச்சு அம்பலம் ஏறுமா?

"இவங்க கத்தி என்ன ஆகப் போகுது?" என்று கேட்கலாம். 1963 நவம்பர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் 20-வது இதழில் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அமெரிக்காவின் பேயோன் நகரத்துப் பள்ளி மாணவர், வயது 14. பெயர் ஜார்ஜ் மார்ட்டின்! அந்த இதழை வெளியிட்ட மார்வெல், 2007-ல் டங்க் கதையின் இரண்டாம் பாகத்தைக் காமிக்ஸாக வெளியிட்டது. கடிதம் போட்ட பையனின் கதை, 44 வருஷம் கழித்து அதே கம்பெனியின் அச்சில்! எனவே, ரசிகனின் வாயை அடைக்க வேண்டாம். அவன் எப்படிப் பேசுகிறான் என்பதுதான் கேள்வி.

"நான் நெனச்ச மாதிரி இல்ல" என்பது ஒரு உணர்ச்சி. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அது விமர்சனம் ஆகாது. ஒரு காமிக்ஸைக் கையில் எடுத்தால் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். வெட்டியதால் பின்னால் ஏதாவது ஆடிப்போகிறதா? எழுத்தால் முடியாத எதையாவது படம் செய்திருக்கிறதா? மறைக்க வேண்டியதை மறைத்திருக்கிறதா? தொடங்கியதை முடித்தார்களா? இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் தாராளமாகத் திட்டுங்கள். வரைந்தவனும் நம்மைப் போல ராத்திரி கண் விழித்து ஷீட் முடித்தவன்தான். ஒரு ஷீட்டை 'ரிப்பீட்' என்று திருப்பிக் கொடுத்தால், எந்தக் கோடு தப்பு என்று சொல்லுங்கள் என்றுதானே நாம் கேட்கிறோம்? அவனுக்கும் அதைக் கேட்க உரிமை உண்டு.

இன்னும் ஒன்று. முந்நூறு பக்க ஆங்கில நாவல் என்றாலே மிரண்டு ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் காமிக்ஸ் ஒரு வாசல்படி. படியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், உள்ளேயும் போய்ப் பாருங்கள். நாவலை முதலில் படித்த கெட்டிக்காரர்களும், படி வழியாக வருகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவன் வந்து சேர்ந்தால்தானே சண்டை போட இன்னொரு ஆள் கிடைப்பான்!

— இறுதியாண்டு, இயந்திரவியல் துறை