இருவர் ஒப்பந்தம், மூன்றாமவர் இழப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அவர், மேலதிகாரியின் பாலியல் தொல்லை குறித்து நிர்வாகத்திடம் முறையிட்டிருந்தார். விசாரணைக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஓர் உடன்படிக்கை. ஆறு மாத ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு பணியிலிருந்து விலக வேண்டும்; நடந்ததை எவரிடமும் எக்காலத்திலும் சொல்லக் கூடாது. “கையெழுத்துப் போடலாமா சார்?” என்று கேட்டார். “போட்டுவிட்டு நிம்மதியாக வேறு வேலை தேடிக்கொள்ளம்மா” என்றேன். முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்த நான், அன்று ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டேன். அவர் விட்டுச்செல்லும் நாற்காலியில் அடுத்து அமரப்போவது யார்?

ரகசியக் காப்பு ஒப்பந்தங்கள் தம்மளவில் தீயவை அல்ல. தயாரிப்பு முறை, வாடிக்கையாளர் பட்டியல் போன்ற வணிக ரகசியங்களைக் காக்க அவை தேவை. ஆனால், ஒருவரது குற்ற நடத்தையை மறைக்க அதே ஒப்பந்தம் பயன்படும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. பொருளியலில் இதைப் ‘புறவிளைவு’ என்போம். தோல் பதனிடும் ஆலையும் தோலை வாங்குபவரும் தமக்குள் விலை பேசி முடித்துக்கொள்ளலாம். கழிவு கலந்த பாலாற்று நீரைக் குடிப்பவர் அந்தப் பேரத்தில் இடம்பெறுவதே இல்லை. மௌனம் விலைக்கு வாங்கப்படும்போதும் அப்படித்தான். நிறுவனம் நற்பெயரைக் காத்துக்கொள்கிறது. புகார்தாரர் இழப்பீடு பெறுகிறார். எச்சரிக்கப்படாத அடுத்த பெண் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் விவகாரம் இதற்குச் சான்று. அவருடைய லண்டன் உதவியாளராக இருந்த ஜெல்டா பெர்கின்ஸ், தன் சக ஊழியருக்கு நேர்ந்த கொடுமையை எதிர்த்து 1998-இல் பதவி விலகினார். இருவருக்குமாக 2,50,000 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைத் தம்மிடம் வைத்திருக்கக்கூட பெர்கின்ஸ் அனுமதிக்கப்படவில்லை. 2017-இல்தான் அவர் அதை மீறிப் பேசினார். இடைப்பட்ட 2006-இல் நிகழ்ந்த ஒரு பாலியல் குற்றத்துக்காக, 2025-இல் நியூயார்க்கில் நடந்த மறுவிசாரணையில் வைன்ஸ்டீன் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். மௌனம் வாங்கப்பட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த குற்றம் அது.

இதன் பிறகே சட்டங்கள் விழித்துக்கொண்டன. பிரச்சினை எழுவதற்கு முன்பே, பணியில் சேரும்போது எழுதி வாங்கப்படும் இத்தகைய மௌன நிபந்தனைகள் பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் செல்லாது என்று அமெரிக்கா 2022-இல் சட்டம் இயற்றியது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணம் அதே ஆண்டு இன்னொரு படி மேலே சென்றது. புகார்தாரரே விரும்பினால் மட்டுமே இத்தகைய ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அப்போதும் அது மூன்றாம் நபரின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைவிக்கக் கூடாது. நான் கேட்கத் தவறிய கேள்வியை அந்தச் சட்டம் கேட்டது. அயர்லாந்தில் 2024 நவம்பர் முதல், நிறுவனத்தின் செலவில் ஊழியர் தனி வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற வேண்டும். கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் அவர் பின்வாங்கவும் முடியும்.

இதற்கு மறுப்பு உண்டு. மௌனத்துக்கு விலை இல்லையென்றால் நிறுவனங்கள் இழப்பீடு தர முன்வருமா என்று கேட்கிறார்கள். தம் துயரம் ஊரறியக் கூடாது என்று விரும்பும் பெண்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கவலை முற்றிலும் நியாயமானது. அதற்குக் கலிபோர்னியா மாநிலம் வழி காட்டுகிறது. அங்கே புகார்தாரர் கேட்டால் அவரது அடையாளத்தை மறைக்கலாம். இழப்பீட்டுத் தொகையையும் ரகசியமாக வைக்கலாம். நடந்த செயலை மட்டும் மறைக்க இயலாது. முதல் கேள்விக்கு என் விடை இதுதான்: இழப்பீடு, நேர்ந்த தீங்குக்கு உரியது. அது அடுத்த பெண்ணின் பாதுகாப்பை விற்றுப் பெறும் தொகையாக இருக்கலாகாது.

நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, பெண் கேட்டுக்கொண்டால் சமரசத்தை அனுமதிக்கிறது; ஆனால், பணத்தை அதன் அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்கிறது. 16-ஆவது பிரிவு அடையாளங்களை வெளியிடத் தடை விதித்தாலும், பெயரைக் குறிப்பிடாமல் கிடைத்த நீதியைத் தெரிவிக்க இடமளிக்கிறது. எத்தனை புகார்கள் வந்தன, தீர்ந்தன, 90 நாள்களைத் தாண்டி நிலுவையில் உள்ளன என்பதை நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், உள்ளகக் குழுவின் வாசலை எட்டும் முன்பே பணி விலகல் உடன்படிக்கையில் முடிந்துபோகும் முறையீடு எந்தக் கணக்கில் ஏறும்? அறிக்கையில் ‘புகார்கள்: இல்லை’ என்றே அச்சாகும்.

இந்த ஓட்டையை அடைப்பது கடினமன்று. பெண் கேட்டாலொழிய மௌன நிபந்தனை கூடாது. கேட்டாலும், நிறுவனத்தின் செலவில் தனி வழக்கறிஞர் ஆலோசனை வேண்டும். காவல் துறை, நீதிமன்றம், மருத்துவர் ஆகியோரிடம் பேசவும், பின்னொரு புகாரில் சாட்சி சொல்லவும் எந்த நிபந்தனையும் தடையாகக் கூடாது. அத்தகைய ஒவ்வோர் உடன்படிக்கையும் பெயரின்றியேனும் ஆண்டறிக்கையின் எண்ணிக்கையில் சேர வேண்டும்.

என் மாணவி இன்று வேறொரு நிறுவனத்தில் நலமாக இருக்கிறார். அவர் கையெழுத்திட்டதை நான் குறை சொல்ல மாட்டேன்; வேலையிழந்து நின்றவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தச் சுமையை ஒரு தனிமனுஷியின் துணிச்சலிடம் விட்டுவைத்திருக்கும் சட்டத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்த பெண்ணுக்கு, அந்த அறையைப் பற்றி எச்சரிக்க எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.