ஆட்டத்தை அடக்கலாம், நோயை?

தெருவில் ஒருவர் தள்ளாடி வருகிறார். கை தானாக வீசுகிறது, தோள் குலுங்குகிறது, முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. காலையிலேயே போட்டுவிட்டார் என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். ஹண்டிங்டன் நோயாளிகள் சுமக்கும் கெட்ட பெயர் இது. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உடி கத்ரிக்கும் முதலில் குடிகாரர் என்ற பட்டம்தான் கிடைத்தது. நோய் இன்னதென்று தெரிய வெகுகாலம் ஆனது. அவருடைய தாயையும் கொண்டுபோனது இதே நோய்தான். 1967இல் கத்ரி இறந்தபோது அவருக்கு வயது 55.

நோய்க்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் ஹண்டிங்டன், லாங் ஐலண்டில் மருத்துவர் வீட்டுப் பிள்ளை. சிறுவனாக இருந்தபோது அப்பாவுடன் வண்டியில் போகையில், தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் உடலை முறுக்கி நெளித்தபடி எதிரே வந்ததைப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சி மனதை விட்டு அகலவில்லை. தாத்தாவும் அப்பாவும் அதே ஊர்க் குடும்பங்களைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகள் கையில் இருந்தன. 1872இல், 22 வயது நிறைவதற்கு முன்பே, அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. கட்டுப்பாடில்லாத அந்த அசைவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் கொரியா. நாட்டின் பெயரோடு சம்பந்தமில்லை, ஆட்டம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

காரணமான மரபணு, 4ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1983இல் தெரிந்தது. மரபணுவே அகப்பட்டது 1993இல். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் ரத்த மாதிரிகள் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 தடவை வரை வந்தால் சிக்கலில்லை. 40ஐத் தொட்டுவிட்டால், வழக்கமான ஆயுள் வாழ்கிற எவருக்கும் நோய் வந்தே தீரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டி, அடுத்த 15, 20 ஆண்டுகளில் ஆளை முடித்துவிடும்.

அறுவை மருத்துவர் இதில் எங்கே நுழைகிறார் என்று புரிய, ஒரு கண்மாயையும், அதன் மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி என்ற ஆளையும் நினைத்துக்கொள்ளலாம். எந்த அசைவை எவ்வளவு விடுவது என்று பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம். ஹண்டிங்டன் நோயில் முதலில் சாவது அங்குள்ள நரம்புசெல்கள்தாம். மடையைப் பார்க்க ஆளில்லாததால், வேண்டாத அசைவுகளெல்லாம் வெளியே பாய்கின்றன. அந்த மடை குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி. செத்த நீர்க்கட்டியை எழுப்ப முடியாது. மருத்துவர் மடையில் கை வைக்கிறார்.

மடையில் கை வைக்கும் அறுவை பரவ ஒரு விபத்தும் காரணம். 1952இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற மருத்துவர் ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு வேறு ஏதோ அறுவை செய்யப் போய், ஒரு ரத்தக்குழாய் அறுபட்டது. அதைக் கட்டிவிட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார். நோயாளி பக்கவாதத்துடன் விழிப்பார் என்று பயந்தால், நடுக்கம் போய் எழுந்தார். அந்தக் குழாய் ரத்தம் கொடுத்த இடங்களில் பாலிடஸும் ஒன்று. அதன்பின் அந்த இடத்தைச் சுட்டு அழிக்கும் அறுவை பரவியது. சுட்டதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதுதான் அதில் உள்ள கோளாறு.

1987இல் பிரான்சின் கிரனோபிளில் அலிம் லூயி பெனபித், மூளையின் இன்னொரு பகுதியான தலாமஸில் சுடுவதற்கு முன் இடம் சரியா என்று மின்சாரம் விட்டுச் சோதித்தார். விநாடிக்கு நூறு துடிப்புகளை நெருங்கும்போது நடுக்கம் நின்றது. அப்படியானால் சுடுவானேன், கம்பியை அங்கேயே விட்டுவிடலாமே என்ற யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் ஆழ்மூளைத் தூண்டல். ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி மூளைக்குள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரி. நடுவே கழுத்து வழியாக வயர். சென்னையிலும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு இதைச் செய்கிறார்கள். செலவு பல லட்சம்.

ஹண்டிங்டன் நோயில் இதே கம்பியைப் பாலிடஸில் வைத்தால் ஆட்டம் குறைகிறது. பலருக்குக் கண்கூடாகக் குறைகிறது. ஆனால் இந்த நோயில் ஆட்டத்தோடு மந்தமும் வருகிறது. நாளாக நாளாக ஆட்டம் ஓய்ந்து உடல் இறுகும். விநாடிக்கு 130 துடிப்பு கொடுத்தால் ஆட்டம் அடங்குகிறது, மந்தம் கூடிவிடலாம். 2004இல் டொரண்டோ மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு 40ஆகக் குறைத்துப் பார்த்தபோது, மந்தம் கூடாமல் ஆட்டம் தணிந்தது. ஒவ்வொருவருக்கும் இப்படித் திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. நோயின் ஓட்டம் மட்டும் குறையாது.

இங்கே சங்கடமான ஒரு கேள்வி இருக்கிறது. ஆட்டம் யாருக்குத் தொல்லை? நோயாளிகளில் பலர் தங்கள் கை ஆடுவதையே உணர்வதில்லை. வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், கை வீசுவதைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, கணக்கு வழக்குப் பிடிபடாமல் வேலை போனது, நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, சாக வேண்டும் என்ற பேச்சு. இவற்றில் எதற்கும் அந்தக் கம்பியிடம் பதில் இல்லை. ஆகவே ஊரார் கண்ணுக்குப் படுவதை அடக்குவதற்காக மட்டும் மண்டையைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் சரிந்து விழுகிறவர், படுக்கையில் மோதி மோதிப் புண்ணானவர், டெட்ராபெனசின் போன்ற மருந்து கேட்காதவர் அல்லது அது தரும் மனச்சோர்வைத் தாங்காதவர் என்றால் கதை வேறு. அவருக்கும் யோசனைத் திறன் ஓரளவு மிஞ்சியிருக்க வேண்டும், கூட ஆள் இருக்க வேண்டும்.

செத்த நீர்க்கட்டிக்குப் பதில் புது ஆளை வைத்தால் என்ன என்றும் முயன்றார்கள். பாரிஸை ஒட்டிய கிரெட்டெயிலில், கருக்கலைப்பில் கிடைத்த சிசுக்களின் நரம்புசெல்களை ஐந்து பேரின் மூளையில் பதித்தார்கள். 2000இல் வெளியான முடிவில் மூவர் தேறியிருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த லாபமும் கரைந்தது.

புதிதாக வந்திருப்பது மரபணுவின் வாயை அடைக்கும் அறுவை. தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் ஏற்றிய மரபணுக் கட்டளையை, எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே ஸ்ட்ரையேட்டத்துக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரே தடவை. நோய்க்குக் காரணமான மரபணு உண்டாக்கும் கெட்ட புரதத்தின் உற்பத்தி அங்கே குறைகிறது. ஏஎம்டி-130 என்ற இந்தச் சிகிச்சையின் அதிக அளவைப் பெற்றவர்களில் மூன்றாண்டு முடித்த 12 பேருக்கு நோயின் வேகம் 75 சதவீதம் குறைந்ததாக யூனிக்யூர் நிறுவனம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டதும், வேறு பதிவேட்டில் இருந்த நோயாளிகளோடு. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் இந்த ஒப்பீடு போதுமா என்று தயங்கியது.

பேச்சில் அடிபடாத இன்னொரு சிறு அறுவையையும் சொல்லியாக வேண்டும்: வயிற்றில் வைக்கும் உணவு டியூப். ஓயாத அசைவில் உடல் வற்றிப்போகும், விழுங்குவது தடுமாறும், உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாவில்தான் பலர் இறக்கிறார்கள். டியூப் வேண்டுமா, வேண்டாமா என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். அதுவும் அவருக்கு வாய் குழறாத காலத்திலேயே. குடும்பங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் உரையாடல் இது.

ஏஎம்டி-130 சொன்னபடி பலித்தாலும், அது வேலை செய்வது மூளைக்குள் மட்டும். விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருக்கும் மரபணு மாறாது. அப்பாவின் கை ஆடாமல் நின்றாலும், பிள்ளைகளுக்கு அந்த 50 சதவீதம் அப்படியே இருக்கும்.