தடித்த எழுத்தும் கடையின் பெயரும்

கந்தப்பளை நகரின் ஊடாகச் செல்லும் பஸ்ஸில் இருப்பவருக்கு உங்கள் கடையின் பெயர்ப்பலகை கண்ணில் படுவது சில வினாடிகள்தான். பனிமூட்டமும் மழையும் உள்ள நாட்களில் அதுவும் குறைவு. எவ்வளவு நல்ல சரக்கு இருந்தாலும், பெயரை வாசிக்க முடியாவிட்டால் பலகைக்குச் செலவழித்த பணம் வீணே. ஆகவே, எழுத்தின் வடிவத்தையும் முதலீட்டில் ஒரு பகுதியாகக் கருத வேண்டும்.

ஆங்கில எழுத்துக்களில் 'ஸ்லாப் செரிஃப்' என்றொரு வகை உண்டு. கோடுகளின் நுனியில் செங்கல் வைத்தாற்போல் தடித்த, சதுரமான பாதங்கள் இருப்பதே இதன் அடையாளம். ஐ.பி.எம்., ஹொண்டா, சோனி ஆகிய கம்பனிகளின் பெயர்களைப் பாருங்கள், புரியும். உறுதி, நம்பகம் என்ற எண்ணத்தை இவ்வெழுத்து தருகிறது.

இது விளம்பரத்துக்காகவே பிறந்த எழுத்தாகும். 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் ஆலைகளும் போட்டியும் பெருகியபோது, புத்தகங்களுக்கான மெல்லிய எழுத்துக்கள் சுவரொட்டிகளுக்குப் போதவில்லை. லண்டனின் வின்சன்ட் ஃபிகின்ஸ் 1810களில் இவ்வகை எழுத்தை வெளியிட்டார். 1845இல் ரொபர்ட் பெஸ்லி 'கிளாரண்டன்' எழுத்தை உருவாக்கிப் பதிவு செய்தார். பாதுகாப்பு மூன்று வருடங்களே. அது முடிந்ததும் போட்டியாளர்கள் தாராளமாகப் பிரதி செய்தனர்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. எழுத்தின் வடிவம் எல்லோருக்கும் பொது. உங்கள் கடையின் பெயரும் குறியுமே உங்கள் சொத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வியாபாரக் குறியைப் பதிவு செய்தால் 10 வருடங்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். அதன் பின் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இவ்வெழுத்து எங்கே பயன்படும்? சாக்கிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடும்போது மெல்லிய கோடுகள் உடைந்து போகும். தடித்த பாதமுள்ள எழுத்து நிற்கும். தேயிலைப் பொதியின் பெயர், நிறை, விலை இலக்கங்கள், லொறியின் பக்கவாட்டுப் பெயர் ஆகியவற்றுக்கு இது பொருத்தமானது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலைகளைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்தச் சொல்கிறது. அந்தப் பட்டியலின் இலக்கங்களுக்கும் இது உதவும்.

எங்கே பயன்படாது? நீண்ட விளக்கங்களுக்கும் துண்டுப் பிரசுரத்தின் உட்பகுதிக்கும் வேண்டாம். எல்லாமே தடித்தால் எதுவுமே தனித்துத் தெரியாது. தலைப்புக்குத் தடித்தது, விபரத்துக்குச் சாதாரணமானது என இரண்டே போதும்.

நம் பலகைகளில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன. இவற்றுக்குப் பாதம் ஒட்ட வேண்டியதில்லை. கோட்டின் தடிப்பு ஆங்கிலத்துக்கு இணையாக இருந்தால் போதும். ஆனால் அளவு மீறித் தடித்தால் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு, தூரத்தில் கறுப்புக் கட்டியாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தோடு ஒட்டிவிடும். தமிழைச் சற்றுப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்துத்தான் எழுத்துரு வாங்க வேண்டும் என்றில்லை. 'ரொபோட்டோ ஸ்லாப்', 'ஆர்வோ' போன்ற ஆங்கில எழுத்துருக்களை வியாபாரத்துக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பலகைக்கு முற்பணம் கொடுக்கும் முன், மாதிரியை ஒரு தாளில் அச்சிட்டு வீதியின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். கடையை அறியாத ஒருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் மாற்றிவிடுங்கள். தாளில் திருத்துவது சில ரூபாய். பலகையில் திருத்துவது பல ஆயிரம்.