'அப்ஸ்காண்ட்' என்றால் ஓடுவதா, ஒளிவதா? லத்தீன் சொல்லும் ரகசியம்!

மோசடி வழக்கில் ஒருவர் 'தலைமறைவு' என்று செய்தி வந்தால், ஆங்கிலச் சேனல்களில் ஓடும் வார்த்தை 'அப்ஸ்காண்டிங்'. தப்பி ஓடிட்டார்னுதான் பலரும் இதைப் புரிஞ்சுக்கறோம். ஆனா, அந்த வார்த்தையோட வேர்ல ஓட்டமே கிடையாது!

எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'அப்ஸ்காண்டெரே' என்று ஒரு வினைச்சொல். 'அப்ஸ்' என்றால் அப்பால். 'காண்டெரே' என்றால் சேர்த்து வைப்பது, மறைப்பது. ஆக, கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதுதான் மூலப் பொருள். 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நம்ம 'தலைமறைவு' கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான்.

அப்போ 'எஸ்கேப்'?

அது வேற கதை. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கப்பா' என்றால் மேலங்கி. பிடிக்க வந்தவர் கையில் மேலங்கியை விட்டுட்டு நழுவுறதுதான் எஸ்கேப்!

வேறு எங்கெல்லாம் வரும்?

பணத்தோடு கம்பி நீட்டினாலும் அப்ஸ்காண்ட். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றவரையும் கம்பெனிகள் இப்படித்தான் குறிப்பிடுகின்றன. தேனீக்கள் மொத்தமாகக் கூட்டைக் காலி செய்துவிட்டுப் போவதற்கும் இதே வார்த்தைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

அர்த்தம் முக்கியமாகிறது இங்கேதான். அப்ஸ்காண்ட் ஆக ஊரை விட்டே போக வேண்டியதில்லை, ஒளிந்துகொள்வதே போதும் என்று 19-ம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் விளக்கியது. அதனால வாரண்டுக்குப் பயந்து சொந்த வீட்டுப் பரண்ல பதுங்கினாலும் தலைமறைவுதான். வாரண்ட் பற்றித் தெரியாமல் வேலைக்காக வெளியூர் போனவர், அதனால் மட்டுமே தலைமறைவு ஆகிவிட மாட்டார்.

தலைமறைவானவரை ஆஜராகச் சொல்லி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 84-வது பிரிவின்படி நீதிமன்றம் அறிவிப்பு வெளியிடலாம். குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அடுத்து, 85-வது பிரிவின்படி சொத்து முடக்கம் வரை போகலாம்.

தலைமறைவா இருந்தாலே குற்றவாளியா?

இல்லை. பயத்தில் நிரபராதியும் ஒளியலாம். தலைமறைவு மட்டுமே குற்றத்துக்கு ஆதாரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. அடுத்த முறை 'அப்ஸ்காண்டிங்'னு பிரேக்கிங் நியூஸ் வந்தா, தீர்ப்பே வந்துட்டதா நினைச்சு ஷேர் பண்ணிடாதீங்க!