ஒரே பாட்டு, இருபது நிமிடம், ஒரு கிடார்: ‘2112’ பற்றித் தெரியுமா?

“சின்னச் சின்னப் பாட்டாகப் போடுங்கள், வானொலியில் ஓட வேண்டும்” என்று ரெக்கார்டு கம்பெனி நெருக்குகிறது. ஒரு இசைக்குழு என்ன செய்யும்? கனடாவின் ‘ரஷ்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பியது! ஏழு பாகங்கள், 20 நிமிடம் 33 விநாடி! அதுவும் எந்த நேரத்தில்? 1975ல் வந்த அவர்களின் ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ ஆல்பம் விற்காமல் படுத்துவிட்டது. கச்சேரிகளுக்குக் கூட்டம் சேரவில்லை. அடுத்ததும் போனால் குழுவே கலைந்துவிடும் என்ற நிலையில், டொராண்டோவில் பதிவாகி 1976ல் வெளிவந்தது ‘2112’.

கதையைக் கேளுங்கள்! 2112ஆம் ஆண்டு. கோள்கள் எல்லாம் சூரியக் கூட்டமைப்பின் பிடியில். மெகடான் நகரில் சிரிங்ஸ் கோயில்களின் குருமார்கள், மக்கள் எதைப் படிக்கலாம், எதைப் பாடலாம் என்பதைக்கூடப் பிரம்மாண்டமான கணினிகளை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஒருநாள் பெயரில்லாத ஓர் இளைஞன் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் விசித்திரமான ஒரு பொருளைக் கண்டெடுக்கிறான். அது கிடார்!

இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அருவிச் சத்தம். சுருதி சேராத கம்பிகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. மெல்ல மெல்லச் சுருதி கூடுகிறது, ஒரு மெட்டு பிறக்கிறது. கிடாரே பார்த்திராத ஒருவன் அதைக் கற்றுக்கொள்வதை குழுவின் கிடார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் வாசித்தே காட்டுகிறார்! அடுத்து அவன் அதைக் குருமார்களிடம் ஆசை ஆசையாக எடுத்துப் போகிறான். அவன் பேசும்போது குரலும் கிடாரும் இதமாக இருக்கும், குருமார்கள் பேசும்போது இரண்டும் அலறும். இரண்டு தரப்புக்கும் பாடுவது ஒரே ஆள், கெடி லீ! உலகத்துக்கு இது தேவையில்லை என்று சொல்லி, கிடாரைக் காலால் மிதித்து நொறுக்கிவிடுகிறார்கள். இசையைத் தடுக்கும் அதிகாரத்தைப் பற்றி, கம்பெனியின் நெருக்கடியில் இருந்த குழுவே பாடியிருக்கிறது பாருங்கள்! இந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தொடக்க இசையின் முடிவில் ஒரு பழைய மெட்டு தலைகாட்டும். ரஷ்ய மேதை சைக்கோவ்ஸ்கியின் ‘1812’! 1812க்கும் 2112க்கும் இடையே சரியாக 300 ஆண்டுகள்!

பாட்டு வரிகளை எழுதியவர் யார் தெரியுமா? டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட்! வலதுசாரிகள் கொண்டாடும் எழுத்தாளர் அய்ன் ராண்டின் ‘ஆந்தெம்’ குறுநாவலோடு கதை ஒத்துப்போவதைக் கண்டு, ஆல்பத்தின் உறையிலேயே அவருக்கு நன்றி சொன்னார். இதைப் பிடித்துக்கொண்டு 1978ல் பிரிட்டனின் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் குழுவினரைப் பாசிசச் சார்புள்ளவர்களைப் போலச் சித்திரித்தது. கெடி லீயின் தாயும் தந்தையும் நாஜி வதைமுகாம்களில் அடைபட்டு உயிர்தப்பிய போலந்து யூதர்கள்! சர்வாதிகாரத்தை எதிர்க்கும் ஒரு கதைக்கு இதைவிட அநியாயமான பழி இருக்க முடியுமா?

இரண்டாம் பக்கத்தில் ஐந்து தனிப் பாடல்கள். அவற்றில் ‘த ட்விலைட் சோன்’ அதே பெயருடைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கான வணக்கம்.

கம்பெனி பயந்தது நடந்ததா? அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது! ஆனாலும் ஏழு பாகங்களையும் மேடையில் முழுமையாக வாசிக்க 1996 வரை, இருபது ஆண்டுகள் ஆயின. 2013ல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ‘ரஷ்’ சேர்க்கப்பட்டபோது, ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ குழுவின் டேவ் க்ரோல் விக்கும் 1976 பாணி வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு அந்தத் தொடக்க இசையை வாசித்தார்!

இன்னொன்று! கிடாரை இழந்த இளைஞன் மனமுடைந்து உயிரை விட்ட பிறகு, ஒரு இயந்திரக் குரல் கோள்களுக்கெல்லாம் ஆட்சி மாறியதை அறிவிக்கும். முதல் வாக்கியத்தில் ஆங்கிலத்தில் ஏழு சொற்கள், அதை மூன்று முறை சொல்கிறது: 21. அடுத்த வாக்கியத்தில் நான்கு சொற்கள், அதுவும் மூன்று முறை: 12. சேர்த்துப் படியுங்கள்!