மிஞ்சிய வார்னிஷைப் பழுதாகாமல் வைத்திருத்தல்

மீள்குடியேறும் குடும்பங்களின் வீட்டு வேலை ஒரே தடவையில் முடிவதில்லை. உதவிப்பணம் கட்டம் கட்டமாகக் கிடைக்கும்போது முன்கதவு முதலில் முடியும். யன்னல்கள் அடுத்த கட்டப் பணத்துக்குக் காத்திருக்கும். கதவுக்கு வாங்கிய வார்னிஷில் பாதி மிஞ்சிவிடும். சில மாதங்களின் பின் பேணியைத் திறந்தால் மேலே தடித்த ஆடை, கீழே பசைபோன்ற கட்டி. பிறகு புதிய பேணி வாங்க வேண்டும். சிறிது கவனமெடுத்தால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில் கடலோரமாக உள்ள சாம்பல்தீவில் மரத்துக்குப் பூச்சு என்பது அழகுக்கு மட்டுமல்ல. மாரி மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். கச்சான் காற்றில் காய்ந்து வெடிக்கும். ஆகவே மிஞ்சிய வார்னிஷ் மாரிக்கு முன் யன்னல்களுக்கு உதவ வேண்டும்.

ஏன் பழுதாகிறது?

எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்தே இறுகுகிறது. கதவில் நடக்கும் அதே மாற்றம் பேணிக்குள்ளும் நடக்கும். பேணி பாதி வெறுமையானால் உள்ளே பாதி காற்று இருக்கிறது. அதுவே ஆடையை உண்டாக்குகிறது. அவ்வாறு இறுகியது தின்னர் ஊற்றினாலும் மீண்டும் கரையாது.

தின்னரில் கரைத்த சீலர், லாக்கர் போன்றவை வேறு வகை. அவற்றிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் தடிக்கின்றன. மூடி இறுக்கமாக இருந்தால் போதும். தடித்தாலும் அதற்குரிய தின்னரைச் சிறிது சேர்த்து இளக்கலாம். இரண்டு பேணிகளைக் கலந்து பூசும் வகையைக் கலந்த பின் சேமிக்க முடியாது. தேவையான அளவை மட்டும் கலக்கவும்.

செய்ய வேண்டியவை

1. பிரஷைப் பேணிக்குள் தோய்க்க வேண்டாம். தேவையானதைச் சிரட்டையில் அல்லது பழைய கோப்பையில் ஊற்றிப் பூசவும். அதில் மிஞ்சியதைத் திரும்பப் பேணிக்குள் ஊற்ற வேண்டாம். மணலும் தூசும் சேர்ந்துவிடும்.

2. பேணியில் மிஞ்சியதை அன்றைக்கே, நன்றாகக் காய்ந்த சிறிய கண்ணாடி ஜாம் போத்தலுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பவும். சிறிய போத்தல் இல்லாவிட்டால், கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போளைகளைப் பேணிக்குள் இடவும். வார்னிஷ் மேலே எழும். காற்றுக்கு இடம் குறையும்.

3. விளிம்பைத் துடைத்து, மெல்லிய பொலித்தீனை வைத்து மூடியை இறுக்கவும். பேணி மூடியின் மேல் மரத்துண்டை வைத்துத் தட்டவும். சுத்தியலால் நேரே அடித்தால் மூடி நெளிந்து காற்றுப் புகும்.

4. வார்னிஷின் வகை, திறந்த திகதி, "நஞ்சு" என்ற சொல் ஆகியவற்றை எழுதி ஒட்டவும்.

5. தகரக் கொட்டில் பகலில் மிகவும் சூடாகும். அங்கே வைக்க வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், நிலத்தில் படாமல் பலகைமேல் வைக்கவும். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பேணி விரைவில் துருப்பிடிக்கும். அடுப்பு, குப்பி விளக்கு, மெழுகுதிரி ஆகியவற்றிலிருந்து தூரமாக இருக்கட்டும்.

மீண்டும் திறக்கும்போது

ஆடை படிந்திருந்தால் கலக்க வேண்டாம். விளிம்போரமாகக் கத்தியால் வெட்டி முழுதாக எடுத்துவிட்டு, மிகுதியை மெல்லிய துணியில் வடிகட்டவும். முதலில் கழிவுப் பலகையொன்றில் பூசிப் பார்க்கவும். மறுநாளும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை யன்னலுக்குப் பூச வேண்டாம்.

கவனம்!

• வார்னிஷ், தின்னர், மண்ணெண்ணெய் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடிபானம் என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

• எண்ணெய் வார்னிஷ் அல்லது ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்துங்கள்.

• பழுதானதை மணலிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். மணல் நிலத்தில் அது எளிதாக ஊறிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்துவிடும். சிறிதளவானால் பழைய பத்திரிகைத் தாளில் பூசி, நன்றாகக் காயவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

வாங்குமுன் எவ்வளவு தேவை என்று ஓடாவியாரிடம் கேளுங்கள். பெரிய பேணி ஒன்றைவிடச் சிறிய பேணிகள் இரண்டு வாங்கினால், திறக்காத பேணி நெடுநாள் பழுதாகாமல் இருக்கும். உங்கள் வேலை முடிந்தும் மிஞ்சினால், அயல்வீட்டின் ஒரு யன்னலுக்கு அது போதுமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.